விரல் சொன்னது

காலை ஆறு பத்து. எங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் என்பதால் சரியாகச் சொன்னால் ஆறு ஐந்து. பல் துலக்கக் குழாயடிக்கு வந்தபோது என் கண்ணில் முதலில் பட்டது அத்தையின் கால்கள். இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. கொலுசை ஒரு மாதத்துக்கு முன்பே மாமா வெட்டி எடுத்திருந்தார். அது இருந்த இடத்தில் வளையமாக ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. ஒரு கையால் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அத்தை செவ்வரளி பறித்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் நந்தியாவட்டைச் செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. வாயில் நுரையோடு அதன் மேல் தண்ணீர் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது ஒன்பது. சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை.

வீடு மேனாம்பேட்டில். ஒரே காம்பவுண்டுக்குள் முன்பாகத்தில் அப்பா, அம்மா, நான், இரண்டு வயதுத் தம்பி. பின்பாகத்தில் அத்தையும் மாமாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தாத்தா பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகி, எங்களுக்கு மிஞ்சியது இந்தக் காம்பவுண்டும் அதற்குள் இருந்த நான்கு செடிகளும்தான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவர்களுடைய தாய் இறந்தபோது அப்பாவுக்கு இரண்டு வயது, அத்தைக்குப் பதின்மூன்று. அந்த வருடமே அத்தை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். இதை அத்தை சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாதான் சொல்வார், அதுவும் அத்தை இல்லாத நேரத்தில்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியை நினைத்துக்கொள்ள வேண்டாம். துளையிட்ட இரும்புத் துண்டுகள் அவர் மேசைக்கு வரும். கேஜ் என்று ஒரு எஃகுக் கட்டை வைத்திருப்பார். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் இந்தப் பெட்டி, இல்லையென்றால் அந்தப் பெட்டி. வீட்டிலும் அவர் அப்படித்தான். எனக்குப் பள்ளி பார்த்தபோதும், குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோதும் ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிவிட்டுத்தான் முடிவு சொன்னார். சாமி நம்பிக்கை கிடையாது. அதற்காகச் சண்டையும் கிடையாது. ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை இரண்டு சொம்பு குடிப்பார். "கேவுருல இரும்புச்சத்து கீது" என்பார்.

அந்தத் தை மாதத்தில் அத்தையின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதாகச் சொன்னார்கள். வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், மாமா தன் ஷேர் ஆட்டோவில் வேறு யாரையும் ஏற்றாமல் அத்தையை மட்டும் ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போவார். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர். மாமாவுக்குச் சர்க்கரை, அவர் ஆகாது. அப்பாவுக்குப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. அன்று மாலை அப்பா தாளில் கோடு போடக்கூட இல்லை.

"மனுசனுக்கு ரெண்டு கிட்னி இன்னாத்துக்கு? ஒன்னு வேலை செய்யுது, ஒன்னு ஸ்டெப்னி மாதிரி சும்மா கீது. சும்மா கீறத அக்காவுக்குக் குடுக்கறேன். இதுல யோசிக்கறதுக்கு இன்னா கீது?" என்றார் அப்பா.

"ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்காதன்னு போன மாசம் உங்க மாமனக் கிழிச்சியே, அது யாரு? நீதான தம்பி?" என்றாள் அத்தை.

மாமா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"அக்கா, அது வண்டி."

"இது ஊடு. வண்டி நின்னா தள்ளிக்கினு போலாம். ரெண்டு கொழந்தைய வச்சிக்கினு நீ நின்னா யாரு தள்றது?"

அம்மா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் அந்தப் பேச்சு எத்தனையோ முறை நடந்தது. அம்மா ஒரு முறையும் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு பக்கம் நிற்பதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பாவோடு வாதாடி யாரும் ஜெயிக்க முடியாது. அவர் டாக்டர் சொன்னதைச் சொல்வார், ஒரு சிறுநீரகத்தோடு பல வருடம் வாழ்பவர்களைப் பற்றிச் சொல்வார், அத்தை எடுத்த பள்ளத்தையெல்லாம் ஒவ்வொன்றாக மூடுவார். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. அத்தையிடம் வாதம் எதுவும் மிச்சமில்லாத ஒரு மாலையில் அவள் சொன்னாள்: "அம்மன் கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாத்துடலாம். வெள்ள வந்தா ஆப்ரேசனு. செவப்பு வந்தா இத்தோட உட்டுடணும். இன்னா வந்தாலும் அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நீயுந்தான் தம்பி."

மனிதர்களால் முடிவு செய்ய முடியாததை அம்மனிடம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப்பூவை ஒரு இலையிலும் சிவப்புப்பூவை இன்னொரு இலையிலும் மடித்து, வாழைநாரால் ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் செய்யாதே. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பெண்பிள்ளை நான்.

அப்பா மறுப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். "சரிக்கா. சத்தியமா பேச மாட்டேன்" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது மாமாவுக்கே வியப்பு.

கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அத்தையும் மாமாவும் டயாலிசிஸுக்குப் போயிருந்தார்கள். அம்மா தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அரைநாள் விடுப்பில் வந்து, என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். குழாயடியில் நந்தியாவட்டையும் சுவரோரம் செவ்வரளியும் பறித்தார். வாழை இலையைச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரே நிறத்தில் மும்மூன்று பூ வைத்து, பத்துப் பொட்டலம் கட்டினார். துவைக்கும் கல்லின் மேல் அவற்றை வரிசையாக வைத்தார்.

"கண்ண மூடு. ரெண்டு வெரல். அமுக்காத, உருட்டு. அரளின்னா அடியில குச்சி மாதிரி வெரல்ல தட்டும். நந்தியாவட்ட ஈரத்துணி மாதிரி அமுங்கிப் பூடும். தட்டுதா, வேணாம். அமுங்குதா, அத எடு."

முதலில் மூன்று தவறு செய்தேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டலங்களை மாற்றி மாற்றி வைத்தார். ஆறாவது சுற்றில் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னேன். ஏழாவதிலும் பத்து. அப்பா தொழிற்சாலையில் செய்வதுபோலக் கட்டைவிரலை என் நெற்றியில் ஊன்றி, "பாஸு. இந்தப் பொட்டிக்குப் போ" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகுதான் சந்தேகம் வந்தது. "அம்மனுக்குத் தெரிஞ்சிடாதாப்பா?"

"அம்மனா வந்து எடுக்கறா? நம்ம கைதான எடுக்குது."

"பொய்தானப்பா இது?"

அப்பா கொஞ்ச நேரம் இலைக்கிழிசல்களைப் பொறுக்கினார். "டாக்டர் சொல்லிட்டாரு. டெஸ்ட் சொல்லிச்சி. அம்மன்னு ஒருத்தி நெஜமா இருந்தா அவளும் அதையேதான சொல்லணும்? நம்ம கொஞ்சம் கை குடுக்கறோம், அவ்ளோதான். அத்தை வேணும்தான உனுக்கு?"

வேண்டும். எனக்கு அத்தை வேண்டும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மீதி இருந்த பூக்களை அப்பா குப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போனோம். பூ கட்டும் வேலையை அத்தையே செய்திருந்தாள். அந்த வீட்டில் நார் முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. அளவில், மடிப்பில், முடிச்சில் ஒரு வித்தியாசமும் இல்லை. பூசாரி வாங்கி ஒரு முறை குலுக்கி, அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

"வா பாப்பா. அம்மன நெனச்சிக்கினு ஒன்னு எடு."

கண்ணை மூடிக்கொண்டேன். இடது பக்கம் இருந்ததை இரண்டு விரலால் உருட்டினேன். குச்சி தட்டியது. அரளி. சரி, அடுத்தது. வலது பக்கத்தைத் தொட்டேன். அதிலும் குச்சி தட்டியது.

மறுபடி இடது. தட்டியது. மறுபடி வலது. அதுவும் தட்டியது. வியாழக்கிழமை எனக்கு இருந்த விரல்கள் வெள்ளிக்கிழமை இல்லை என்று நினைத்தேன்.

"இன்னா பாப்பா, கத்திரிக்காயா வாங்கற? அமுக்கி அமுக்கிப் பாக்கற?" என்றார் பூசாரி. சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுனா ஒன்னு எடு கண்ணு" என்றாள் அத்தை.

வலது பக்கம் இருந்ததை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். மூன்று செவ்வரளி.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். கோயில் மணி கட்டியிருந்த தூணில் மாமா சாய்ந்துகொண்டார். அத்தை தட்டில் மிஞ்சிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனாள். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தார்கள். பொட்டலம் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அது உள்ளே விழும்வரை அத்தை விரலால் தள்ளினாள். திரும்பி வந்து, "அம்மன் சொல்ட்டா. வாங்க, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது" என்றாள்.

வழியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தார். "இன்னா ஆச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு உண்டு. தெரியவில்லை என்றால் அடி. மறந்துவிட்டேன் என்றால் முறைப்பு மட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, நான் முடிவெடுத்தேன்.

"மறந்துட்டேம்பா" என்றேன்.

"எத?"

"தட்னா எடுக்கணுமா, அமுங்குனா எடுக்கணுமான்னு."

"பரவால்ல. நீ கொழந்த" என்றார் அப்பா. கையை விடவில்லை.

அன்று பகலில் அம்மா பின்பாகத்துக்குப் போய், தரையில் உட்கார்ந்து, அத்தையின் கால்களை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். அதற்கு முன் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா விடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

அப்பா சத்தியத்தைக் காப்பாற்றினார். அதற்கு மேல் ஆபரேஷன் என்ற சொல் எங்கள் வீட்டில் வரவில்லை. ஜெயிக்கப்போகிறோம் என்ற தைரியத்தில் கொடுத்த சத்தியம் அது. தோற்ற பிறகும் அது சத்தியமாகத்தான் இருந்தது. அத்தை திங்களும் வியாழனும் போய்வந்தாள். எனக்குப் பின்னல் போட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர் தண்ணீர்தான் என்று அவளுக்கு அளவு வைத்திருந்தார்கள்; தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "பேச முடியாது, அத்தை இப்ப பணக்காரி, வாய்ல வைரம் வச்சிருக்கேன்" என்று ஜாடை காட்டுவாள். மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோதே அவள் இதயம் நின்றுவிட்டது. பகல் பதினொன்றே கால் மணி. மாமா தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "வண்டி காலியா வருது, மச்சான்."

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள், சமையலறையில் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "கொழந்தைய உட்டு அம்மனையே ஏமாத்தப் பாத்தேன். நான் கத்துக் குடுத்ததையே அவ மறக்கடிச்சிட்டா. அதான் எடுத்துக்கினா." அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனார். அதற்கடுத்த வெள்ளியும் போனார். தாளில் கோடு போட்டு எழுதும் வழக்கம் நின்றுபோயிற்று. எனக்குக் கல்லூரி பார்த்தபோது, "அம்மன் விட்ட வழி" என்றார். அவர் சொன்னதுதானா என்று திரும்பிப் பார்த்தேன்.

எனக்கோ என் விரல்கள் மீதுதான் கோபம். பத்துக்குப் பத்து சொன்ன விரல்கள் தேவையான நேரத்தில் பொய் சொல்லிவிட்டன என்று பல வருடம் நம்பினேன். தேர்வில் விடை தெரிந்தாலும் இரண்டு முறை அடித்து எழுதுவேன்.

போன சித்திரையில் என் கணவரோடு மேனாம்பேடு போயிருந்தேன். செடிகள் இன்னும் இருக்கின்றன. ஏனென்று தெரியவில்லை, வாழை இலையைக் கிழித்துப் பத்துப் பொட்டலம் கட்டினேன். கணவர் மென்பொருள் வேலை செய்பவர். பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். பூ கட்டிப் பார்க்கும் வழக்கத்தை அறியாதவர். கண்ணை மூடச் சொல்லி அவர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சொல்லிக்கொடுக்காமலே முதல் சுற்றிலேயே பத்தும் சரியாகச் சொன்னார்.

"இதுல என்னட்டி இருக்கு? ஒண்ணு குச்சி, ஒண்ணு பஞ்சு. சின்னப்புள்ளகூடச் சொல்லிரும்லா" என்றார்.

அப்பா அப்போது கோயிலிலிருந்து வந்து முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. அறுபத்து நான்கு வயது. போன மாதப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருப்பதாக வந்திருந்தது. அவர் எழுந்து வருவதற்குள் பொட்டலங்களை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

அன்று என் விரல்கள் பொய் சொல்லவில்லை என்று அப்பாவிடம் சொன்னால், அம்மனை ஏமாற்றிய பாவம் இருபது வருடத்துக்குப் பிறகு அவரை விட்டு இறங்கும். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அது இதைவிடப் பாரம். ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தச் சித்திரை வெள்ளிக்கிழமை காலை நான் குழாயடியில் ஆறரை மணிவரை நின்றிருந்தேன். அத்தை அரளி பறித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள். சிறிது நேரத்தில் இரண்டு பொட்டலங்களையும் கட்டித் தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நந்தியாவட்டைச் செடி என் பக்கத்தில்தான் இருந்தது. வீட்டில் வேறு வெள்ளைப்பூச் செடி கிடையாது. அத்தை அந்தப் பக்கம் வரவில்லை.